காலையில என்ன சாப்பிட்டீங்க?

காலையில் எழுந்ததும் தண்ணீர் வைக்கிறேன். அது கொதிப்பதற்குள் பல் தேய்க்கிறேன். டோஸ்டரில் இரண்டு துண்டு பிரெட் போடுகிறேன். அதன் பிடி தானாக மேலே எழும்பாது, எப்போதோ உடைந்தது. நாம்தான் பார்த்து எடுக்க வேண்டும். நான் சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விடுவேன். திரும்பி வரும்போது கருகியிருக்கும். கருகலைக் கத்தியால் சுரண்டித் தொட்டியில் தட்டுகிறேன். ஒரு துண்டை நின்றபடி சாப்பிடுகிறேன். இன்னொன்றை மேசையின் எதிர்ப்பக்கம் வைக்கிறேன். வைத்த பிறகுதான் ஞாபகம் வரும். அதையும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போகிறேன்.

கண்ணாடிக் கடை. நான் கண் பரிசோதிப்பவன். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா தெரியுதா, இதுலயா?" என்று நாள் முழுக்கக் கேட்பது என் வேலை. பாதிப் பேர் ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு என்பார்கள். மீதிப் பேர் எனக்குப் பிடித்த பதில் எது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள்.

என் மனைவி குரல் கொடுப்பவள். வங்கிக்குப் போன் செய்தால் ஒன்றை அழுத்தச் சொன்னது அவள்தான். பெரிய கடைகளின் லிஃப்டில் கதவு மூடுகிறது என்று எச்சரித்ததும் அவள்தான். ஊரே என் பேச்சைக் கேட்டு ஏறி இறங்குது, கட்டிக்கிட்டவர் மட்டும்தான் கேக்கறதில்ல என்பாள்.

அவள் கடைசியாக எடுத்துக்கொண்ட வேலை ஒரு துப்பாக்கிச் சண்டை வீடியோ விளையாட்டு. பெயர் 'சர்வநாசம் மூன்று'. முதல் பாகத்திலேயே சர்வமும் நாசமாகியிருக்க வேண்டும். எப்படியோ மூன்றாவது வரை மிச்சம் இருந்திருக்கிறது. அதில் அவள் 'தளபதி எரிமலை'. வீட்டில் கொசு அடிப்பதாக இருந்தால்கூட முதலில் ஜன்னலைத் திறந்து வழிகாட்டிவிட்டுத்தான் அடிப்பாள். அவளைப் போய் எரிமலை ஆக்கினார்கள். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீட்டில் கத்திப் பழகுவாள். "எழுந்திரு! சாகறதுக்கு இப்ப நேரமில்ல!" கீழ்வீட்டு அம்மா ஒருநாள் மேலே வந்து, வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒருநாள் பதிவு முடிந்து திரும்பும் வழியில், பேருந்து நிறுத்தத்தில் விழுந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய். மருத்துவர் அதைத் தாளில் வரைந்து காட்டினார். நன்றாக வரைந்தார். ஆஸ்பத்திரியில் அவளுடைய பையைக் கொடுத்தார்கள். உள்ளே பர்ஸ், குடை, ஒரு பாக்கெட் பிரெட். பிரெட் நசுங்காமல் இருந்தது. உறவினர்கள் எல்லாம் ஊருக்குத் திரும்பிய பிறகு அதைக் கருக்கிச் சாப்பிட்டு முடித்தேன். நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில்தான் வாங்கியிருக்கிறாள். கடைக்காரரிடம் போய் ஏதாவது பேசினாளா என்று கேட்டேன். எடுத்தாங்க, நோட்டை நீட்டினாங்க, போனாங்க, ஒண்ணும் பேசலை சார் என்றார்.

ஆகவே என் கணக்கில் அவள் கடைசியாகச் சொன்னது, அன்று காலை என்னிடம் சொன்ன "நல்லா இருக்கு". பிரெட்டைப் பற்றி. தினமும் சொல்வதுதான்.

என் போனில் அவள் குரல் இல்லை. கூலி வாங்காம மைக் முன்னால வாய் திறக்க மாட்டேன் என்பாள். எங்களுக்குள் எல்லாம் எழுத்துதான். பால் வாங்கு. கதவு பூட்டினியா. அதனால் ஒரு பெரிய கடைக்குப் போய் லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். கதவு மூடுகிறது. கதவு திறக்கிறது. மூன்றாம் நாள் காவலாளி எந்த மாடிக்குப் போகணும் என்று கேட்டார். வந்துவிட்டேன்.

பத்து மாதம் கழித்து அந்த விளையாட்டுக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசிய பெண் தன்னை வரவேற்புப் பிரிவின் லெஃப்டினன்ட் என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். சர்வநாசம் மூன்று வெளியாகப் போகிறது. அதற்கு 'முதல் அபிப்பிராய விழா' வைத்திருக்கிறார்கள். தளபதி எரிமலையின் கணவர் என்ற முறையில் நான் வந்து ஆடிப் பார்த்து முதல் அபிப்பிராயம் சொல்ல வேண்டும். எனக்கு விளையாடத் தெரியாது என்றேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

எனக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவர்களிடம் அவள் குரல் மணிக்கணக்கில் இருக்கும். நடுவே எங்கேயாவது தும்மியிருப்பாள், தண்ணீர் கேட்டிருப்பாள். எரிமலையாக இல்லாமல் அவளாகப் பேசிய ஒரு வரி. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று போனேன்.

வாசலில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். இல்லை என்றேன். போனைத்தான் சொன்னார்கள். கொடுத்தேன். வரவேற்பறையில் எல்லோரும் காட்டுக்குள் ஒளிவதற்கான பச்சைப் புள்ளிச் சீருடையில் வெள்ளைச் சோபாக்களில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் நன்றாகத் தெரிந்தார்கள்.

லெஃப்டினன்ட் சுற்றிக் காட்டினாள். இங்கே கேன்டீனுக்கு ரேஷன் முகாம் என்று பெயர். லீவுக்குப் போர்நிறுத்தம். வேலையிலிருந்து நீக்கினால் வீரமரணம். போன மாதம் கணக்குப் பிரிவில் ஒன்பது பேர் வீரமரணம் அடைந்தார்கள், அதில் இரண்டு பேர் இப்போது எதிர்க் கம்பெனியில் இருக்கிறார்கள் என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்க மனைவி விஷயத்துல அதே வார்த்தைதான் சார். ஆனா நல்ல அர்த்தத்துல."

பரவாயில்லை என்றேன்.

கம்பெனியின் முதலாளியை இங்கே படைத்தலைவர் என்கிறார்கள். நெஞ்சு நிறையப் பதக்கங்கள். பெரும்பாலானவை விற்பனைச் சாதனைக்காக வாங்கியவை. மேடையேறி அவர் பேசியதை இயன்றவரை அப்படியே தருகிறேன்.

"உலகத்துல வன்முறை ஜாஸ்தியாயிடுச்சு. மனுஷன் நிம்மதியைத் தேடி அலையறான். அந்த நிம்மதியத்தான் நாம நிமிஷத்துக்கு அறுநூறு தோட்டாவா கொடுக்கறோம். விமர்சகர்கள் கதை இல்லைங்கறாங்க. கதை இருந்துச்சு. ரெண்டாம் பாகத்துல அதைச் சுட்டுட்டோம்." கைதட்டல். அவர் என் பக்கம் திரும்பினார். "தளபதி எரிமலை பாதிப் பதிவுதான் முடிச்சாங்க. மீதியை அவங்க குரலை வெச்சு எங்க இயந்திரம் பேசிடுச்சு. ஆள் போனதுக்கப்புறமும் ஆறு மாசம் வேலை செஞ்சிருக்காங்க. ஒரு நாள் லீவு கிடையாது. இந்த விசுவாசத்தை உயிரோட இருக்கறவங்ககிட்ட நான் பார்த்ததில்ல."

எல்லோரும் எழுந்து சல்யூட் அடித்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் அடித்தேன்.

பிறகு ஒரு ஹெல்மெட்டை மாட்டிவிட்டு உட்கார வைத்தார்கள். முதல் அபிப்பிராயம்: சத்தம். இரண்டாவது: நான் செத்துவிட்டேன். ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை, நான் பார்த்தது முகப்புப் பக்கம், அதிலேயே ஒரு விமானம் என் மேல் விழுந்தது என்று விளக்கினார்கள்.

கையில் ஒரு துப்பாக்கி கொடுத்தார்கள். அது சின்னச் சின்னத் துப்பாக்கிகளைச் சுட்டது. அவை போய் விழுந்த இடத்திலிருந்து தாங்களாகச் சுட்டன. அடுத்த கட்டத்தில் ஒரு பீரங்கி, அது மோட்டார் சைக்கிள்களைச் சுட்டது. ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். எதிரிகளின் தலைவனுக்கு இரண்டு கைக்கும் பதிலாக இரண்டு போர்க்கப்பல்கள். சாப்பிடும்போது என்ன செய்வான் என்று கேட்டேன். யாரும் யோசிக்கவில்லை.

ஓர் இடத்தில் மூடிய கதவு வந்தது. திறக்க எந்தப் பொத்தான் என்றேன். பக்கத்தில் நின்ற பயிற்சி கார்ப்பரல் சிரித்தார். "கதவைத் திறக்கறதுக்கு இதுல வழி கிடையாது சார். சுடுங்க." சுட்டேன். கதவு, அது இருந்த வீடு, தெரு, பின்னால் இருந்த மலை எல்லாம் போயின. கதவு திறந்ததாக என் கணக்கில் மதிப்பெண் ஏறியது.

அப்புறம் செத்தேன். அப்போதுதான் கேட்டது.

"எழுந்திரு! சாகறதுக்கு இப்ப நேரமில்ல!"

தலையணை இல்லாமல் அதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எழுந்தேன். மறுபடி செத்தேன். எழுந்திரு என்றாள். எழுந்தேன். பிறகு எதிரிகளுக்காகக் காத்திருக்கவில்லை. பீரங்கியைக் கீழ்நோக்கிப் பிடித்து என் காலிலேயே சுட்டுக்கொண்டேன். எழுந்திரு. சுட்டுக்கொண்டேன். எழுந்திரு. பின்னால் ஒரு திரையில் என் வரைபடம் செங்குத்தாக ஏறியதாம். 'மரண ஈடுபாடு' என்று அதற்குப் பெயர். இதுவரை யாருக்கும் இவ்வளவு வந்ததில்லை என்று கார்ப்பரல் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

நடுநடுவே அவள் வேறு ஏதேதோ சொன்னாள். "சபாஷ், என் சிங்கமே!" "ரத்தம்தான் நமக்கு மழை!" இதை அவள் பழகி நான் கேட்டதில்லை. அவள் சொன்னதா, இயந்திரம் சொன்னதா என்று தெரியவில்லை. சிங்கமே என்றபோது என் கை நின்றுவிட்டது. அவள் என்னை ஒருபோதும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒரு சுவரைப் பார்த்தபடி சும்மா நின்றேன். சுடவில்லை.

சுடுங்க சார் என்றார் கார்ப்பரல். நான் நின்றேன். யாரும் என்னைக் கொல்ல வராத ஒரு மூலை அது. சத்தம் கொஞ்சம் அடங்கியது. அப்போது காதுக்குப் பக்கத்தில், சாதாரணமாக, அடுப்படியிலிருந்து பேசுகிற மாதிரி அவள் சொன்னாள்.

"காலையில பிரெட். அவர்தான் போட்டாரு..."

அதற்குள் எங்கிருந்தோ ஒரு மோட்டார் சைக்கிள் வந்து என்னைக் கொன்றது. எழுந்திரு என்றாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். கூடமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் பெரிய திரையில் சத்தத்தோடு ஒளிபரப்பாகியிருந்தது.

அவசரப் போர்க்குழு கூடியது. என்னையும் உட்கார வைத்தார்கள், பிழையைக் கண்டுபிடித்தவன் என்பதால். நிலாவைச் சுட்டு வீழ்த்தும் கட்டத்தைப் பற்றி யாருக்கும் கேள்வி இல்லை. போர்க்களத்தின் நடுவே பிரெட் எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

ஒலிப்பதிவாளரைக் கூட்டிவந்தார்கள். நரைத்த தலை, எல்லோரும் அவரைக் 'காது' என்று கூப்பிட்டார்கள். அவர் மெதுவான குரலில் விளக்கினார். பதிவுக்கு முன்னால் மைக்கில் சத்தத்தின் அளவு பார்க்க, வந்தவரை ஏதாவது சாதாரணமாகப் பேசச் சொல்ல வேண்டும். அதற்குத் தொழிலில் வழக்கமாகக் கேட்கும் கேள்வி: காலையில என்ன சாப்பிட்டீங்க? அந்தப் பதில்களும் கோப்பில் கிடந்தன. தளபதி ஒரு கணமும் வாய் மூடக் கூடாது என்று இயந்திரத்துக்கு உத்தரவு. சுடாமல் நிற்கும் ஒரு ஆளிடம் என்ன பேசுவது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எதுவும் வெடிக்காதபோது அவள் என்ன பேசினாள் என்று இயந்திரம் தேடியிருக்கிறது. கிடைத்தது இதுதான்.

பரிசோதகர்கள் ஏன் பிடிக்கவில்லை என்று படைத்தலைவர் கேட்டார். அவர்கள் யாரும் சுடுவதை நிறுத்தியதே இல்லை என்று பதில் வந்தது. அவர் பெருமையோடு தலையாட்டினார். சாயங்காலத்துக்குள் அந்தக் கோப்புகள் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டார்.

அழிக்கறதுக்கு முன்னாடி எனக்குக் கொடுத்துடுங்க என்றேன்.

சட்டப்பிரிவு மேஜர் ஒரு பெண்மணி. என்னிடம் மிகவும் அன்பாகப் பேசினார். "அது உங்க மனைவி பேசினதுன்னா, ஒப்பந்தப்படி அது கம்பெனியோட சொத்து. கொடுக்க முடியாது. இயந்திரம் பேசினதுன்னா, அதுல உங்க மனைவியே இல்ல. கேக்க உங்களுக்கு உரிமை இல்ல. ரெண்டுல எதுன்னாலும் நாங்க உங்க கூட இருக்கோம்."

படைத்தலைவருக்கு ஒரு யோசனை தோன்றியது. சரி, சட்டம் கிடக்கட்டும், மனுஷத்தன்மைன்னு ஒண்ணு இருக்குல்ல என்றார். இயந்திரத்தை அதே போல இன்னொரு பதில் சொல்ல வைக்கிறோம். இரண்டையும் முழுசாகப் போடுவோம். எது மனைவி என்று கணவர் சரியாகச் சொல்லிவிட்டால், கோப்பை எடுத்துக்கொண்டு போகட்டும். எல்லோரும் கைதட்டினார்கள். காது மட்டும் தரையைப் பார்த்தார்.

முதலாவது ஒலித்தது. "காலையில பிரெட். அவர்தான் போட்டாரு. ஒரே கரி. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன், பாவம்."

இரண்டாவது. "காலையில பிரெட். அவர்தான் போட்டாரு. ரொம்ப நல்லா இருந்துச்சு. ரெண்டு துண்டு சாப்பிட்டேன்."

மறுபடியும் போடச் சொன்னேன். போட்டார்கள். இதுல தெளிவா தெரியுதா, இதுலயா? இரண்டிலும் அவள் இருந்தாள். இரண்டிலும் 'அவர்தான்' என்கிற இடத்தில் லேசாகச் சிரித்தாள். என் இருட்டறையில் எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்காருகிறவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் பொய் சொல்வதில்லை. எது தெரிய வேண்டுமோ அதைப் படிக்கிறார்கள்.

ரெண்டாவது என்றேன்.

திரையில் 'இயந்திரம்' என்று எழுந்தது. கூரையிலிருந்து வண்ணக் காகிதங்கள் கொட்டின. படைத்தலைவர் என்னைக் கட்டிக்கொண்டார். அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. "எத்தனை நிபுணர்கள் சோதிச்சாங்க. இந்த மாதிரி ஒரு சான்றிதழ் கிடைக்கலை. கணவரே ஏமாந்தார்! இதைவிட ஒரு விளம்பரம் வேணுமா?" அதுதான் என் முதல் அபிப்பிராயமாகப் பதிவாகியிருக்கிறது. போஸ்டரிலும் போடப்போகிறார்களாம்.

வெளியே லிஃப்டுக்காக நின்றேன். அந்தக் கம்பெனி லிஃப்டில் ஓர் ஆண் குரல், கீழே முன்னேறு என்று கத்தியது. ஏறவில்லை. தோளில் ஒரு கை பட்டது. காது.

"வாங்க தம்பி. சாயங்காலம்தானே அழிப்பாங்க."

ஒலிப்பதிவு அறை என் பரிசோதனை அறை அளவுதான். சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. நடுவில் ஓர் உயரமான ஸ்டூல், அதன் மேல் ஒரு தலையணை. ஸ்டூல் உறுத்துகிறது என்று அவள்தான் வீட்டிலிருந்து கொண்டுவந்தாள் என்றார். நீலப் பூப்போட்ட தலையணை. பத்து மாதமாக அதை வீட்டில் தேடிக்கொண்டிருந்தேன். உக்காருங்க என்றார். உட்கார்ந்தேன்.

எடுத்துட்டுப் போறதுக்குத் தர முடியாது தம்பி, பிரதி எடுத்தா மணி அடிக்கற மாதிரி வெச்சிருக்காங்க, கேட்டுட்டுப் போங்க என்றார். நாளைக்கு எனக்கு எப்படியும் வீரமரணம்தான், அதுக்காகப் பயப்படலை, பென்ஷன் வரைக்கும் வந்துட்டேன் என்றும் சொன்னார். பெரிய ஹெட்போன் ஒன்றை என் காதில் வைத்தார்.

ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் அவர் குரல் கேட்டது: காலையில என்ன சாப்பிட்டீங்க? அவள் பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"பிரெட். கரி."

"அதேதாண்ணே. இஸ்திரி போடப் போனா மனுஷன் உலகத்தை மறந்துடறாரு."

"இன்னைக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கரி. முன்னேற்றம்."

"டோஸ்டரை மாத்தலாம்தான். அப்புறம் சுரண்டற சத்தம் இல்லாம எனக்கு எப்படி முழிப்பு வரும்?"

"நேத்து அவருக்கு லீவு. இஸ்திரி இல்ல. பிரெட் பொன்னு மாதிரி வந்துச்சு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சுண்ணே."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு வந்து ஹெட்போனைக் கொஞ்சம் விலக்கினார். இன்னும் ஒண்ணு இருக்கு, அது பதிவுக்கு முன்னாடி அளவு பார்க்கறதுக்காகப் பேசினது இல்ல என்றார். கடைசி நாள், அன்றைய கடைசி வரியும் முடிந்து, அவ்வளவுதாம்மா கிளம்புங்க என்று சொல்லிவிட்டு மைக்கை அணைக்க மறந்திருக்கிறார். கோப்புக்குப் பெயர்கூட வைக்கவில்லை, அதனால் இயந்திரத்துக்கு அது இருப்பதே தெரியாது. "இது அவங்கதான். நான் இங்கதான் நின்னேன்."

ஸ்டூல் கிறீச்சிட்டது. பையின் ஜிப் இழுபட்டது. செருப்பைத் தேடும் சத்தம். எல்லாம் மைக்கிலிருந்து தள்ளி. கதவுப் பக்கத்திலிருந்து அவள் பேசினாள், இந்தக் கட்டடத்தில் கையால் திறக்கிற ஒரே கதவைத் திறந்துகொண்டு.

"வர்றேண்ணே. போற வழியில ஒரு பிரெட் வாங்கணும். இல்லேன்னா நாளைக்குக் கருக்கறதுக்கு அவருக்கு ஒண்ணும் இருக்காது."